அறிவிப்பு வேறு, கலந்துரையாடல் வேறு

பேரிடர் நேர்ந்த வேளையில் பல்கலைக்கழகத் தலைவர் அறிக்கைகள் விடுத்தாலே கடமை முடிந்தது என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பிழையானது. அறிவித்தல் ஒன்று, கேட்டறிந்து முடிவெடுத்தல் வேறொன்று.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத் துலேன் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்று. 2005 ஆகஸ்டு 27ஆம் நாள் புதிய மாணவர் விடுதிக்கு வந்திறங்கினர். அன்றே வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். 29ஆம் நாள் கத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. தலைவர் ஸ்காட் கோவன் வளாகத்தை விட்டு ஓடவில்லை. புயலின்போது அங்கேயே தங்கினார். பின்னர் ஹூஸ்டன் நகரிலிருந்து நிருவாகத்தை நடத்தினார். இணையத்தின் வழி இடையறாது செய்தி விடுத்தார். அப்பருவத்தில் வகுப்புகள் நடைபெறா என்பதை மழுப்பாமல் கூறினார். மாணவர் பிற கல்லூரிகளில் பயின்றனர். 2006 ஜனவரியில் வளாகம் திறந்தபோது பெரும்பாலோர் திரும்பி வந்தனர். உண்மையை உரிய நேரத்தில் சொன்னதன் பயன் இது. இதனைப் பாராட்டாதிருத்தல் நன்றன்று.

ஆயின், 2005 டிசம்பரில் வெளியான சீரமைப்புத் திட்டம் என்ன செய்தது? இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர் வேலை இழந்தனர். பொறியியல் துறைகள் பல மூடப்பட்டன. 1886இல் தோன்றிய நியூகோம் மகளிர் கல்லூரி தனித்தன்மை இழந்தது. கல்லூரியை நிறுவிய அம்மையாரின் உறவினர் வழிவந்தோர் வழக்கு மன்றம் ஏறினர். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2007இல் துலேன் நிருவாகத்தின்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது.

பணமுடை கடுமையாக இருந்தது. அனைவரையும் கலந்து பேச நேரமில்லை என்பர் சிலர். பணமுடை மெய்யே. ஆனால், புயலுக்கும் திட்டத்திற்கும் இடையே மூன்று திங்களுக்கு மேல் கழிந்தனவே! சிதறிக் கிடந்தோர்க்கெல்லாம் செய்தி சென்று சேர்ந்த வழியே அவர்தம் கருத்தும் திரும்பி வந்திருக்கலாகாதா? வாய்க்கு வழி உண்டு, செவிக்கு மட்டும் வழி இல்லை என்பது என்ன நியாயம்?

இடர்ப்பட்டவனுக்கு வேண்டுவது இரக்கச் சொல் மட்டுமன்று. தன் வாழ்வைப் பற்றிய முடிவில் தனக்கும் ஓர் இடம். தெரிந்ததைச் சொல்லுக, தெரியாததைத் தெரியாது என்க, முடிவெடுக்குமுன் கேட்க. நாளை பள்ளிகளின் தலைமையை ஏற்கவிருக்கும் மாணவரும், இன்று ஏற்றிருக்கும் ஆசிரியரும் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். கேளாத் தலைமை கட்டடங்களை மீட்கலாம். நம்பிக்கையை மீட்பது அரிது.