கந்தைக்கும் ஓர் ஐந்தொகை



ஆண்டு நிறைவுறும் வேளையில் ஐந்தொகை எடுத்துப் பார்ப்பது செட்டிநாட்டில் ஊறிய பழக்கம். கடல் கடந்து வணிகம் செய்தவர்களும் செய்தார்கள். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் செய்கிறார். கல்லலில் எம் பங்கின் அன்னையர் சிலர் இவ்வாண்டு முழுவதும் செய்துவந்த ஒரு கைவேலைக்கும் அவ்வாறே ஐந்தொகை எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். பொங்கல் கழிந்த வாரம் தொடங்கி, சனிக்கிழமை பிற்பகல்தோறும் கோவில் மண்டபத்தில் கூடி, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் கொண்டு அவர்கள் ஒட்டுப்போர்வை தைத்து வந்தார்கள். பதினோரு போர்வைகள் முடிந்துள்ளன. பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது.

அதனைப் பாதியில் நிறுத்தியது ஒரு கேள்வி. அக்குழுவில் வயதில் இளையவரான ஒரு தாய் கேட்டார்: “சாமி, காரைக்குடியிலே முந்நூறு ரூபாய்க்குப் புதுப் போர்வை கிடைக்குது. கிழிஞ்ச சேலையை வச்சிக்கிட்டு ரெண்டு மாசம் நாம கண்ணைக் கெடுத்துக்கணுமா?” மற்றவர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். ஆயினும் அக்கேள்வி கடிந்து அடக்கத்தக்கதன்று. வீட்டு வேலை, வயல் வேலை, பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவற்றுக்கும் இடையே பிடுங்கியெடுத்த நேரத்தைத்தான் அவர் கணக்குக் கேட்கிறார். வரும் சனவரியில் குழு தொடர்வதா, கலைவதா என்பது இக்கேள்விக்கு நாம் காணும் விடையைப் பொறுத்தது.

முதலாவதாக, இவ்வேலை எங்கிருந்தோ வந்த புதுமையன்று. நம் இல்லங்களில் பிள்ளை பிறந்ததும் தேடப்படுவது பாட்டியின் பழைய நூற்சேலையே. பலமுறை துவைத்து மெதுவான துணிதான் பச்சிளம் மேனிக்கு உகந்தது. அதுவே தூளியாகிறது, அதுவே நான்காய் மடித்து ஓரம் தைத்த விரிப்பும் ஆகிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டமும் கோடும் இட்ட அந்தத் தடித்த பருத்திச் சேலை எளிதில் கிழிவதில்லை. நிறம் மங்கினாலும் இழை நிற்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மார்கழி மாதத்தில் படுக்கும் முதியோருக்கு, இரண்டு கண்டாங்கிகளை அடுக்கித் தைத்த விரிப்பின் அருமை தெரியும். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. ஆகையால் தடித்த ஒரே துணியைக் காட்டிலும் மெல்லிய பல அடுக்குகள் மிகுந்த சூடு தருகின்றன.

வங்காளத்துப் பெண்கள் இத்தகைய போர்வையைக் ‘காந்தா’ என்பர். வடமொழியின் ‘கந்தா’ என்னும் சொல்லே அங்குக் காந்தாவாகவும், நம்மிடம் கந்தையாகவும் வழங்குகிறது. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பது அவர்களது தொன்று தொட்ட முறை. நூலுக்கென ஒரு காசும் செலவிடாத சிக்கனம் அது. அந்த வங்காளத்துக் கைகளின் திறத்தை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியர் கண்டுகொண்டனர். ஊக்ளிக்கு அருகிலுள்ள சாத்காவோன் பகுதியில் தைக்கப்பட்ட பெரும் போர்வைகள் லிஸ்பன் நகருக்குக் கப்பலேறின. சாலமோன் அரசரின் தீர்ப்பு போன்ற விவிலியக் காட்சிகள் அவற்றில் பொன்னிறப் பட்டு நூலால் தைக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் இன்றும் அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் காத்து வருகின்றன. தைத்தவர்களின் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

இந்த ஓராண்டில் எம் குழுவினர் கற்றவை சிலவற்றைக் கூறுகிறேன். வீட்டில் தைக்க விரும்புவோருக்குப் பயன்படும்.

துணியைப் பிரித்தெடுப்பதே பாதி வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இழை நைந்த பகுதியை இரக்கமின்றி வெட்டி நீக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் சேலைகளைப் பருத்தியோடு சேர்க்கலாகாது. ஒன்று வியர்வையை உறிஞ்சும், மற்றது உறிஞ்சாது. ஒன்று துவைத்தால் சுருங்கும், மற்றது சுருங்காது. இரண்டும் சேர்ந்தால் தையல் இழுபட்டுப் போர்வை சுருக்கம் விழுந்து கிடக்கும். தையற்கடையில் கிடைக்கும் கோடித் துணித் துண்டுகளைச் சேர்ப்பதானால், முதலில் வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிய பின்னரே சேர்க்க வேண்டும். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் உவமை கூறினாரே, அது ஊசி பிடித்த ஒவ்வொரு தாயும் அறிந்த செய்தி. நாசரேத்தில் தம் தாய் ஆடைகளுக்கு ஒட்டுப் போடுவதை அவரும் பார்த்திருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை.

அடுத்தது அடுக்கும் முறை. உறுதியான முழுத் துணி அடியில், நைந்தவை நடுவில், துண்டுகளை இணைத்த முகத்துணி மேலே. நான்கு பேர் நான்கு மூலைகளையும் பிடித்துச் சுருக்கம் நீக்கி, நீண்ட தையல்களால் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் எளிய தையல்தான். ஆறு அடி நீளமும் நான்கு அடி அகலமும் கொண்ட போர்வையில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்றால் அறுபது வரிசைகள் வரும். நூல் ஓடும் தொலைவு நூறு மீட்டருக்கு மேல். சென்டிமீட்டருக்கு ஒரு தையல் எனக் கொண்டால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தையல்கள்! பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, தைத்தவர்களே வியந்து நின்றார்கள்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டங்களின் காட்டுப்புறங்களில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். கோவாவில் போர்த்துக்கீசிய எசமானர்களிடமிருந்து தப்பி, மலைக்காடுகளில் தஞ்சம் புகுந்தோர் பலர். அவர்களுள் இந்துக்களும் இசுலாமியரும் உளர், கத்தோலிக்கரும் உளர். மூன்று சமயத்துப் பெண்களும் ‘கவந்த்’ எனப்படும் ஒட்டுப்போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்கள் முறை. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவை வடிவத் துண்டுகளை அதில் அமைக்கிறார்கள். போர்வையின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளைப் பூப்போல் வைத்துத் தைத்தால்தான் அது நிறைவுபெறும். அந்தப் ‘பூ’ இல்லாத போர்வையை ஆடையற்ற போர்வை என்று கூறுவார்களாம். வறுமையில் உழன்ற மக்கள், சூட்டுக்கு வேண்டாத அந்த நான்கு பூக்களைக் கைவிடவில்லை. எம் அன்னையர் இதனைக் கேட்டது முதல், மூன்றாம் போர்வை தொடங்கி மூலைக்கொரு பூ வைத்துத் தைத்து வருகிறார்கள்.

இனி இளந்தாயின் கேள்விக்கு வருவோம். அதன் உள்ளே இருப்பது விலையைப் பற்றிய கவலை. ஒரு பெரிய போர்வைக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையாத உழைப்புச் செல்கிறது என்பது எங்கள் குறிப்பேடு காட்டும் கணக்கு. மணிக்கு நாற்பது ரூபாய் என்று மிகக் குறைவாகக் கொண்டாலும் ரூ. 1,600 ஆகிறது. ஆனால் போர்வையைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதென்ன? “பழைய சேலைதானே, இருநூறு ரூபாய்க்குத் தரக்கூடாதா?” துணி பழையது, உண்மை. நாற்பது மணி நேரம் பழையதாகுமா?

ஊசிவேலைக்கு உரிய கூலி கிடைத்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்று நம் தென்கோடியிலேயே உண்டு. இலண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் எனப்படும் லேஸ் வேலையைக் கற்பித்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. பின்னலால் ஈட்டிய கூலியைச் சேர்த்துவைத்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. அதே குமரி மண்ணில், முளகுமூட்டில், பெல்ஜிய நாட்டு அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டர் 1897-இல் வந்து அநாதைப் பிள்ளைகளை ஏற்றார். அங்கும் லேஸும் பூத்தையலும் பல பெண்களுக்குச் சோறிட்டன.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரியமைக்காகக் குத்தகை நிலங்களினின்று விரட்டப்பட்ட காலம் அது. 1965 டிசம்பரில் அவ்வழியே சென்ற எப்பிஸ்கோப்பல் சபைக் குரு பிரான்சிஸ் வால்டர், ஒரு குடிசையின் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒட்டுப்போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டாலர் வீதம் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலமிட ஏற்பாடு செய்தார். 1966-இல் அப்பெண்கள் ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்தார்கள். தங்களுக்கென ஒரு தையற்கூடமும் கட்டிக்கொண்டார்கள். 2012 வரை அக்கூட்டுறவு நிலைத்தது. அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் சிற்றூரின் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. எனினும் புகழ் வந்த இடத்திலும் பூசல் வந்தது. தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று தைத்தவர்களுள் சிலர் 2007-இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அவை முடிவுற்றன. கைவேலையை வியந்து பாராட்டுவது ஒன்று, கைக்கு உரியதை அளந்து கொடுப்பது மற்றொன்று என்பதை இதனால் அறிகிறோம்.

திருத்தூதர் பணியில் வரும் தபித்தாளை நினைவுகூருங்கள். யோப்பா நகரில் அவர் இறந்தபோது, கைம்பெண்கள் இராயப்பரைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். அவர் எத்தனை நல்லவர் என்று அவர்கள் சொற்பொழிவாற்றவில்லை. அவர் தைத்துக் கொடுத்த உள்ளாடைகளையும் மேலாடைகளையும் எடுத்துக் காட்டினார்கள். மறைநூல் ஒரு பெண்ணின் தையலைப் பெயரோடு பதிவு செய்துள்ள இடம் அது. சாத்காவோன் போர்வைகளைத் தைத்தவர்களுக்குக் கிடைக்காத பேறு அவருக்குக் கிடைத்தது.

ஆகவே இளந்தாயின் கேள்விக்கு என் விடை இரு பகுதிகளை உடையது. குளிர் காக்க ஒரு போர்வை மட்டும் வேண்டுமெனில், அம்மா, கடையில் வாங்கிவிடுங்கள். கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் குற்றமில்லை. ஆனால் இறந்துபோன தாயின் சேலை, பிள்ளையின் முதற் சட்டை, கணவர் உடுத்திய திருமண வேட்டி ஆகியவற்றை ஒன்றாய்ச் சேர்த்துத் தரும் போர்வை எந்தக் கடையிலும் கிடையாது. அதனைத் தைப்பதானால் விரும்பித் தையுங்கள். விற்பதானால் உழைப்புக்குரிய விலைக்கு விற்றிடுங்கள். அவ்விலை கிடைக்காவிடில் விற்பதைவிட, இல்லாதவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது மேல். கொடையில் இழிவில்லை, அடிமாட்டு விலையில் இழிவு உண்டு.

வரும் ஆண்டுக்காகச் சிலவற்றைக் குழுவின் முன் வைத்துள்ளேன். ஒவ்வொரு போர்வையின் அடி மூலையிலும் தைத்தவரின் பெயரும் ஆண்டும் நூலால் எழுதப்பட வேண்டும். செலவான மணி நேரம் குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். விற்பனைப் பணம் அக்கணக்கின்படி அவரவர் கையிலேயே சேர வேண்டும். விளக்கொளியில் தைப்பதை விடுத்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் தைக்க வேண்டும்; கண் மங்கிய மூத்தோருக்கு இளையோர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இல்லத்தரசி பத்தாயிரம் தையல் போட்டுத் தரும் வீட்டில், இரண்டு மணி நேரம் பெரிதன்று.

முடிந்த பதினொன்றில் நான்கு, பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மாருக்குச் சென்றன. மூன்று, தனித்து வாழும் முதியோரிடம் உள்ளன. இரண்டு உரிய விலைக்கு விற்றன. இரண்டைத் தைத்தவர்களே தம் பேரப்பிள்ளைகளுக்கென வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது போர்வைக்கு இன்னும் இருபத்தெட்டு வரிசைகள் பாக்கி உள்ளன. பொங்கல் முடிந்த முதற் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். கேள்வி கேட்ட தாயும் வருவார் என நம்புகிறேன். அவர் பங்குக்கான ஊசி பெட்டியில் இருக்கிறது.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.