பட்டை ஒன்றல்ல, இரண்டு

மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் காசியா. வியட்நாம், சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் தடித்த, கருஞ்சிவப்புப் பட்டை அது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் நம் விவசாயிகள் வளர்ப்பது வேறு மரம். இலங்கையிலும் கேரளத்திலும் விளையும் அசல் இலவங்கப்பட்டை மரம். வியாபாரிகள் சுருள் பட்டை என்று பிரித்துச் சொல்வது இதைத்தான்.

பிரியாணியில் எது விழுந்தாலும் பெரிய மோசமில்லை. ஆனால் பட்டை இப்போது அஞ்சறைப் பெட்டியிலிருந்து மருந்து அலமாரிக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும் என்று கைபேசியில் வரும் யோசனையை நம்பி, காலையில் ஒரு டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் ஒரு பங்கினர் தேடி வந்தாலே, அது எந்தப் பட்டை என்ற கேள்வி உங்கள் வருமானத்தையும் அவர்கள் உடம்பையும் ஒருசேரத் தொடும்.

இந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தது 2003இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஓர் ஆய்வு. நீரிழிவு உள்ள 60 பேரில் 30 பேருக்குத் தினமும் 1, 3 அல்லது 6 கிராம் பட்டைப் பொடி 40 நாள் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. ரத்தக் கொழுப்பும் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் ஒவ்வோர் அளவையும் சாப்பிட்டவர்கள் பத்தே பேர். கொடுத்ததும் காசியா, உங்கள் மரத்துப் பட்டை அல்ல. பின்னால் நடந்த ஆய்வுகள் ஒரே திசையில் போகவில்லை. 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் குழு, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012இல் சொல்லிவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அந்த ஆய்வுகளிலும் பெரும்பாலும் காசியாதான்.

காசியாவில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்ளலாம் என்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 மில்லிகிராம். காசியாவில் கூமரின் கூடும், குறையும். சராசரியாகக் கிலோவுக்கு 3 கிராம் என்று ஜெர்மனியில் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் 2 கிராம் பொடியிலேயே அன்றைய வரம்பு முடிந்துவிடுகிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூனே 2 கிராமைத் தாண்டும். குழம்பில் போடும் ஒரு துண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். மாதக்கணக்கில் கரண்டியால் அள்ளிக் குடிப்பவர்களுக்குத்தான் எச்சரிக்கை. அசல் இலவங்கப்பட்டையில் கூமரின் மிகச் சொற்பம்.

உங்கள் சரக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்காக அல்ல, தினசரி உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்பதற்காக அதை விற்கலாம். 'சர்க்கரை நோய்க்கு' என்று பாக்கெட்டில் அச்சடிக்கச் சில உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஆசை வரலாம். வேண்டாம். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்த வாசகத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், பழி உங்கள் பெயரில்தான் வந்து விழும். கேட்பவரிடம் 'மாத்திரையை விடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விரிவாக்கப் பணியாளர்களும் பயிற்சி வகுப்பில் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

அசலைக் காட்டிக்கொடுப்பது அதன் சுருள். காகிதம் போல் மெல்லிய பல அடுக்குகள், சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. வெளிர் பழுப்பு நிறம், இனிப்பான வாசனை, விரலால் நொறுக்கினால் உடையும். காசியா ஒரே தடித்த ஓடு. இரண்டையும் பொடித்துவிட்டால் கண்ணால் பிரிக்கவே முடியாது. அதனால் சுருளாகவே விற்பது நல்லது. மழைக்குப் பின் பால் ஓட்டம் இருக்கும்போது கிளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, கீறி உரித்து, நிழலில் காயவைத்தால்தான் அந்தச் சுருள் கிடைக்கும். உரிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துபோனதுதான் மலையில் இன்றைய பெரும் சிக்கல். ஏற்காடு 1, பேச்சிப்பாறையின் பிபிஐ 1 ரகங்களை நமக்குத் தந்த ஆராய்ச்சி நிலையங்கள், உரிக்கும் பயிற்சியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனால் உதவியாக இருக்கும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்புத் தர விதிகளில் இலவங்கப்பட்டையும் காசியாவும் ஏற்கெனவே தனித்தனிப் பொருள்கள். புதுச் சட்டம் தேவையில்லை. 'பட்டை' என்று மட்டும் போட்டு விற்கும் பாக்கெட்டில் எது இருக்கிறது என்று எழுதவைத்தால் போதும். பொடி பாக்கெட்டுகளின் மாதிரிகளை எடுத்துச் சோதிக்க வேண்டும். இலங்கை தன் பட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022இல் புவிசார் குறியீடு வாங்கி, அந்தப் பெயரைச் சொல்லியே விற்கிறது. நம் மலைப் பட்டையோ காசியாவின் விலையோடு மல்லுக்கட்டி நிற்கிறது. அடுத்த முறை குறைதீர்க் கூட்டத்துக்குப் போகும்போது, இரண்டு பட்டைகளையும் ஒரு தட்டில் எடுத்துப்போய் ஆட்சியர் முன்னால் வையுங்கள்.