சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூத்தம்மா



நம்ம தம்பிமார் கடைக்குப் பின்னால் எடுத்திருக்கும் சின்ன ஸ்டூடியோவைப் பற்றி ரெண்டு கிழமையாக ஊருக்குள் கதை அடிபடுகிறது. "பொடியனுகள் கூத்தடிக்கிறானுகள்" என்று ஒரு பக்கம். "நல்லது செய்தாலும் இந்த ஊருக்குப் பிடிக்காது" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பேச்சிலும் நியாயம் இல்லை. அந்த ஸ்பீக்கர் செட்டை வாங்கலாம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் முதலில் எழுத வேண்டியவனும் நான்தான்.

நோக்கம் நல்லது. ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் வீடியோவாகப் பதிவு செய்வது. இடையில் குறும்படம் எடுத்துப் பழகுவது. ஊர்க்காசும், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் அனுப்பிய காசும் சேர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை. அதில் ஒரு சப்வூஃபர், சுற்றிவர ஐந்து ஸ்பீக்கர். பார்க்க மாஷா அல்லாஹ் என்றுதான் இருந்தது.

போன கிழமை இஷா தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு மூத்தம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். பிரஷருக்கு மருந்து குடிப்பவர். அவருடைய கட்டிலுக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். "சத்தம் எண்டு பெரிசா ஒண்டும் கேக்கல்ல மகன். கேட்டாத்தானே ஏசலாம். நெஞ்சுக்குள்ள ஆரோ இடிக்கிற மாதிரி இருக்கு. நாலு நாளா நித்திரை இல்ல" என்றார்.

நேரே உள்ளே போனேன். தம்பி குறும்படத்துக்கு இடிச் சத்தம் சேர்த்துக் கொண்டிருந்தார். "பேஸ் வருதே இல்ல சேர், அதான் கூட்டி வெச்சிருக்கன்" என்றார். அவர் பக்கத்தில் நின்று கேட்டேன். உண்மைதான், பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரோரம் போய் நின்றேன். சேர்ட் துடிக்கிறது!

தம்பி பொய் சொல்லவில்லை, மூத்தம்மாவும் பொய் சொல்லவில்லை. பிழை அறையில் இருந்தது. நாம் வகுப்பில் படிப்பிக்கிற பாடம்தான் இது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகிறது. 40 ஹேர்ட்ஸ் மீடிறன் உள்ள ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கு மேல். நம்ம அறையோ மூன்று மீற்றர். சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் இல்லாமலும் நின்ற அலையாகி விடுகின்றன. பத்தடி அறையில் இது முதலில் நடப்பது 56 ஹேர்ட்ஸ் அளவில். அந்த மீடிறனில் அமுக்க மாற்றம் அறையின் நட்ட நடுவில் இல்லாமற் போகும், சுவரில் உச்சமாக இருக்கும். நீளமும் அகலமும் ஒரே அளவாக இருந்தால் ரெண்டு பக்கத்துக் குறையும் ஒரே மீடிறனில் வந்து விழும்.

தம்பியின் கதிரை எங்கே? நட்ட நடுவில். சப்வூஃபர் எங்கே? மூலையில். எல்லா அலையையும் ஆகக் கூடுதலாகக் கிளப்பி விடுகிற இடம் அதுதான். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டக் கூட்ட, அதெல்லாம் போய்ச் சேர்ந்தது மூத்தம்மாவின் கட்டிலுக்கு.

"சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டுவோம் சேர்" என்று ஒருவர் சொன்னார். அது பேஸை நிறுத்தாது. ஸ்பொஞ்சும் மெல்லிய திரையும் அறைக்குள் இருக்கும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குப் போகும் தாழ்ந்த ஒலியை மறிக்கப் பாரமான சுவர் வேண்டும், ஓட்டை இல்லாத கதவு வேண்டும். வாடகை அறையில் அதற்கு வழி இல்லை.

இனி என் கருத்து. இந்த அறைக்கு இந்த செட் தேவையே இல்லை. ஆம்பிளைக் குரலின் அடிப்படை மீடிறன் பொதுவாக 85 ஹேர்ட்ஸுக்கு மேல். சப்வூஃபருக்கு நாம் பிரித்துக் கொடுப்பது 80க்குக் கீழே. பாடம் நடத்தும் ஆசிரியரின் குரலில் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. அங்கே கேட்பது ஃபேன் உறுமலும் ரோட்டில் போகும் லொறியும்தான். பதியும்போதே 80க்குக் கீழே வெட்டி விடுவது நல்லது. பிள்ளைகள் பார்ப்பதோ ஃபோனில். ஃபோன் ஸ்பீக்கரில் இந்த பேஸ் வரவே வராது. அவர்களுக்கு வேண்டியது சொல் தெளிவு. அதைக் கெடுப்பது வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி. அதற்குத்தான் முதற் காசு போயிருக்க வேண்டும்.

சரவுண்ட் கதையும் இதேதான். முறைப்படி முன் ஸ்பீக்கர் ரெண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும், எல்லாம் ஒரே தூரத்திலும் இருக்க வேண்டும். பத்தடி அறையில் மேசையும் அலுமாரியும் வைத்த பிறகு பக்க ஸ்பீக்கர் காதுக்குள் வந்து நிற்கும்.

தம்பிமார் கேட்பது எனக்கு விளங்குகிறது. "நாங்க எப்பவும் ஃபோனுக்கு மட்டும்தான் வேலை செய்யணுமா சேர்? பெரிய படத்துக்குப் பழக வேண்டாமா?" பழகத்தான் வேண்டும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் பொய் சொல்லும் அறையில் பழகினால் காதும் பொய்யைத்தான் படிக்கும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பக்க ஸ்பீக்கர்களை விற்று, அந்தக் காசை அறைக்குப் போடுவோம். முன் ஸ்பீக்கர் ரெண்டும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் போதும். கதிரையை நடுவிலிருந்து எடுத்து, முன் சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுப் பார்ப்போம். சப்வூஃபர் இருக்கட்டும், ஆனால் மூத்தம்மாவின் சுவரிலும் மூலையிலும் வேண்டாம். நல்ல இடம் பிடிக்க ஒரு லேசான வழி இருக்கிறது. அதைக் கதிரை இருக்கும் இடத்தில் வைத்து மெதுவாக ஓட விட்டு, நாம் தவழ்ந்து போய்த் தரையோரம் கேட்க வேண்டும். எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். பிறகு ஃபேஸ் சுவிட்சை ரெண்டு பக்கமும் மாற்றி எது நிறைவாகக் கேட்கிறது என்று பார்த்து, அளவைக் குறைத்து வைப்போம். மஃரிபுக்குப் பிறகு சப்வூஃபர் ஓஃப். இரவு வேலை ஹெட்ஃபோனில்.

அயலவர் உரிமை பற்றி மிம்பரில் கேட்காதவர் நம்மில் யாரும் இல்லை. அது மரக்கிளைக்கும் குப்பைக்கும் மட்டும் உரியது அல்ல. காதுக்குக் கேட்காமல் நெஞ்சில் இடிக்கிற சத்தத்துக்கும் உரியது.

பொடியன்களை ஏசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய தும்பு மெத்தை, தடித்த திரைத்துணி கிடந்தால் கொண்டு வந்து கொடுங்கள். தடிப்பாக அடுக்கி மூலைகளில் நிறுத்தினால் உள் முழக்கத்துக்குக் கொஞ்சமாவது உதவும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் தம்பிமாரும் சாமான்களை மாற்றப் போகிறோம்.

அதற்கு முன் மூத்தம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்போம். நேற்று நான் மட்டும் போனேன். "பிள்ளையள ஏசாத மகன், படிக்கிற புள்ளையளுக்குத்தானே செய்றானுகள்" என்றார். நாலு நாள் நித்திரை இல்லாமல் இருந்த மனுசி சொன்ன வார்த்தை அது.