காலடிப் பாறையையும் கொஞ்சம் பாருங்கள்



பள்ளிச் சுற்றுலாவோ குடும்பச் சுற்றுலாவோ, தியாகதுருகத்தில் வண்டி ஏறினால் விடியற்காலை கன்னியாகுமரி. சூரிய உதயம், படகுக்கு வரிசை, சங்கு மாலை, செல்ஃபி. உடனே அடுத்த ஊர். எந்தப் பாறைமேல் நின்று படம் எடுத்தோமோ, அதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இது சுற்றுலா, சரி. ஆனால் பேருந்தில் 'கல்விச் சுற்றுலா' என்று பேனர் கட்டாதீர்கள்.

வகுப்பில் 'உருமாறிய பாறை' என்று மனப்பாடம் செய்கிற பாடம் அங்கே காலடியில் கிடக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. கரையோரமாக நடந்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அவை கார்னெட். பாறை சிதைந்து மணலாக, அலை அதை முறத்தில் இட்டதுபோலப் புடைக்கிறது. லேசான மணல் போய்விடும். கனமான சிவப்புக் கார்னெட்டும் கறுப்பு இல்மனைட்டும் கோடுகோடாகத் தங்கும். கடையில் பொட்டலமாக வாங்குகிறீர்களே வண்ண மணல், அதன் பிறப்பு இதுதான். குமரியம்மன் கல்யாண அரிசி மணலான கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பாறையையும் காட்டுங்கள். ஒன்றை ஒன்று கெடுக்காது.

"நேரம் எங்கே சார்?" என்பீர்கள். கடைவீதிக்கு மட்டும் நேரம் எப்படி வந்தது? "அலை ஆபத்தாச்சே?" உண்மை. ஈரப்பாறையில் கால் வைக்கவே வேண்டாம். அலை எட்டாத உலர்ந்த பாறையே போதும். "சொல்லித்தர ஆள் வேண்டுமே?" பாடப்புத்தகமும் ஒரு கைலென்ஸும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

அங்கே பாறையைப் பார்க்கப் பழகிய பிள்ளை ஊர் திரும்பியதும் நம் கல்வராயன் மலையையும் வேறு கண்ணால் பார்க்கும். அதன் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு; குமரிப் பாறைக்கே மூத்தது. கல் என்றால் ஜல்லி என்று மட்டுமே தெரிந்த தலைமுறை, மலையை லோடு கணக்கில்தான் பார்க்கும். அப்படிப்பட்டவர்களிடம் மலையைக் காப்பாற்று என்று பிறகு சொல்லி என்ன பயன்?

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, பெற்றோர்களே, அடுத்த பயணத்தில் ஒரு மணி நேரம் பாறைக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று இங்கே எழுதுங்கள். செல்ஃபி வேண்டாம், பாறையின் படம் போடுங்கள்.