‘சிம்ல லேப்டாப் ஓடாது’ என்கிறவர்களுக்கு

மதுரை விளாங்குடியில் புதிதாக வாடகைக்கு வந்தவர், லேப்டாப்புக்கு இணையம் வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மொபைல் கடைக்காரர், கேபிள் இணைப்புக்கு ஆள் பிடிப்பவர், மாடி வீட்டு அண்ணன், மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போலச் சொல்வார்கள்: “ப்ரீபெய்டு சிம்ல லேப்டாப் எல்லாம் ஓடாதுப்பா. பேசாம ஃபைபர் போட்டுருங்க.” கேட்டவர் பெரும்பாலும் கல்லூரி மாணவராகவோ, போட்டித் தேர்வுக்குப் படிப்பவராகவோ, வேலை தேடிக்கொண்டிருப்பவராகவோ இருப்பார். கையில் ஏற்கெனவே ரீசார்ஜ் செய்த சிம் இருக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஃபைபர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் அதுதான் சரி. ஆனால் “ஓடாது” என்பதற்கு இவர்கள் அடுக்கும் காரணங்களில் பாதி பழங்கதை. மீதியில் குற்றம் வேறொன்றின்மேல் இருக்க, பழி சிம்மின்மேல் விழுகிறது.

பழங்கதையிலிருந்தே தொடங்கலாம். “லேப்டாப்புக்குத் தனியா டாங்கிள் வாங்கணும், செட்டிங்ஸ் எல்லாம் பெரிய தலைவலி” என்பது முதல் காரணம். ஒரு காலத்தில் இது முழு உண்மை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட், பிஎஸ்என்எல் டேட்டா கார்டு என்று பென் டிரைவ் போன்ற குச்சிகள் விற்றன. யுஎஸ்பி துளையில் செருகினால் பல குச்சிகள் முதலில் தம்மை ஒரு சிடி டிரைவ் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். அதற்குள்ளிருக்கும் மென்பொருளை நிறுவிய பிறகுதான் மோடமாக மாறும். பிறகு ஏபிஎன், அதாவது சிம் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயரைத் தட்டி, *99# என்ற எண்ணுக்கு டயல் செய்ய வேண்டும். சிடிஎம்ஏ என்றால் #777. லினக்ஸ் வைத்திருந்தவர் பட்ட பாடு தனி. ஒரு நிறுவனத்தின் குச்சியில் இன்னொரு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி பூட்டியும் வைத்திருந்தார்கள். ஒரு ஜிபிக்கே சில நூறு ரூபாய் ஆனது. அந்தக் காலத்தில் ஒருவர் “வேண்டாம்ப்பா” என்று சொல்லியிருந்தால் அவர் நல்லவர்.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. 4ஜி ஃபோன் எல்லார் கைக்கும் வந்தது. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனே மோடம், ரவுட்டர் இரண்டும். ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் வைஃபை. சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டினால் அதைவிடச் சீரான இணைப்பு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் எந்த மென்பொருளும் கேட்காது. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் மாட்டுவது சின்ன இடங்களில்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே. உள்ளே டேட்டா போகும் கம்பியே கிடையாது. அதைச் செருகினால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். சிம் சரியில்லை என்று கடைக்கு ஓட வேண்டாம், கேபிளை மாற்றிப் பாருங்கள். அதேபோல ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் இருந்தால், பழைய அரசு லேப்டாப் போன்றவற்றின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரே வராமல் போகலாம். 2.4-க்கு மாற்றினால் வந்து நிற்கும்.

இணைப்பு வந்தும் இணையம் வரவில்லை என்றால் மட்டும் ஃபோன் செட்டிங்ஸில் ஏபிஎன் பக்கம் போக வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை மாற்றியவர்களின் ஃபோனில் சில நேரம் பழைய ஏபிஎன்னே ஒட்டிக்கொண்டிருக்கும். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’. இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஃபோனில் இணையம் ஓடி, லேப்டாப்பில் மட்டும் ஓடவில்லையா? அதே பக்கத்தில் ஏபிஎன் புரோட்டோகால் என்ற வரியை ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்ததாக மாற்றிப் பாருங்கள். தலைவலி என்று சொல்லப்படுவது இவ்வளவுதான்.

இரண்டாவது காரணம்தான் அதிகம் பேரை நம்பவைப்பது: “ஹாட்ஸ்பாட் போட்டா டேட்டா பிச்சுக்கிட்டுப் போகும்.” போகிறது, மறுக்கவில்லை. காலையில் இணைத்து, இரண்டு மின்னஞ்சல் பார்ப்பதற்குள் ‘உங்கள் தினசரி டேட்டாவில் 90 சதவீதம் தீர்ந்தது’ என்று குறுஞ்செய்தி வந்தவர்கள் ஏராளம். ஆனால் ஹாட்ஸ்பாட் தன் பங்குக்கு எதையும் தின்பதில்லை. ஃபோன் வழியாகப் போகும் ஒரு எம்பி, லேப்டாப்புக்குப் போனாலும் ஒரு எம்பிதான். தின்பது லேப்டாப். வைஃபை என்றாலே அளவில்லாத கம்பி இணைப்பு என்று விண்டோஸ் தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. உங்கள் ஹாட்ஸ்பாட்டைப் பார்த்ததும், பல நாளாகக் காத்திருந்த அப்டேட்டை இறக்கத் தொடங்கும். அது சில நூறு எம்பியில் தொடங்கி, புதிய பதிப்பு என்றால் பல ஜிபி வரை போகும். ஒன்டிரைவ் தன் பங்குக்கு ஃபோட்டோக்களை ஏற்றும். இன்னொரு கூத்தும் உண்டு. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி, அமைப்பைப் பொறுத்து, நீங்கள் இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை ஊர் பேர் தெரியாத வேறு கணினிகளுக்கு உங்கள் டேட்டாவிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

மருந்து ஒரே ஒரு பொத்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் நிறுத்திக்கொள்ளும், அந்நியருக்கு அனுப்பும் தருமமும் நிற்கும். அப்டேட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. இரவு பதினொன்றரைக்கு அன்றைய டேட்டா மிச்சமிருக்கும்போது அதைக் கையால் ஓடவிடலாம். எப்படியும் நள்ளிரவில் அது காலாவதியாகப் போகிற டேட்டாதானே.

வீடியோதான் அடுத்த கள்ளன். ஃபோனின் சின்னத் திரையில் யூடியூப் 480பி-யோடு நின்றுகொள்ளும். மணிக்குச் சுமார் அரை ஜிபி. அதே பாடத்தை லேப்டாப்பில் திறந்தால் திரை பெரிது என்று 1080பி-க்குத் தாவும். மணிக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி. கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்க 480பி தாராளம். ஒவ்வொரு முறையும் பல்சக்கரத்தை அழுத்திக் குறைக்கும் பழக்கம் வந்தால், 2 ஜிபி திட்டத்தில் மூன்று மணி நேரப் பாடமும் பார்த்து மிச்சமும் இருக்கும்.

“2 ஜிபி யாருக்குப் போதும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய அரசு அறிவிப்பை நினைவூட்டலாம். கொரோனாவில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் இலவச டேட்டா கார்டு தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பொறுப்பு அரசின் எல்காட் நிறுவனத்திடம். 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிய அரசு இயந்திரம், கிட்டத்தட்டப் பத்தாண்டு கழித்து அந்த லேப்டாப்புக்கு இணையமும் வேண்டுமே என்று யோசித்தபோது கையில் எடுத்தது சிம்மைத்தான், கம்பியை அல்ல. சிக்னலே இல்லாத ஊர்களில் அந்த சிம் கார்டு உதவியிருக்க வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் விளாங்குடி அப்படிப்பட்ட ஊர் இல்லையே. கேமராவைத் திறந்தே வைத்திருக்கும் ஜூம் குழு வகுப்பு நல்ல தரத்தில் மணிக்கு முக்கால் ஜிபிக்கு மேல் கேட்கும். கேமராவை அணைத்து, குரலும் ஆசிரியரின் திரையும் மட்டும் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான். போதுமா, போதாதா என்பது பெரிதும் அந்தக் கேமரா பொத்தானில் இருக்கிறது.

தினசரி அளவு தீர்ந்த பிறகு வரும் வேகத்தைப் பற்றிய புகாரில் மட்டும் நான் கடைக்காரர் கட்சி. 64 கேபிபிஎஸ் என்பார்கள். கணக்குப் போட்டால் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். அதை ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் செய்வது நல்ல நகைச்சுவை.

மூன்றாவது காரணம்: “நம்ம ஏரியால சிம் ஸ்பீடு வராது.” விளாங்குடி 2011 வரை தனிப் பேரூராட்சி. மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்தது. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் மாடிகள் நெருங்கி எழும்பியிருக்கின்றன. 2023 ஜனவரியிலேயே மதுரைக்கு 5ஜி வந்துவிட்டது. ஆனால் 5ஜி பெரிதும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் என்றால் ஆகாது. அதைவிடக் குறைந்த 850, 1800 மெகாஹெர்ட்ஸில் வரும் 4ஜி, கான்கிரீட்டை ஓரளவு ஊடுருவும். ஆகவே, தரைத்தளத்து உள்ளறையில் 5ஜி என்று எழுத்து தெரிந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், ஃபோனை 4ஜி-யில் மட்டும் நிற்கும்படி மாற்றிப் பார்ப்பது கேவலமில்லை. பல வீடுகளில் அதுதான் நிலையாக ஓடும்.

ஃபோனின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஃபோன் நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வரைவது அது. செட்டிங்ஸில் ‘அபவுட் ஃபோன்’ பக்கத்தில், சிம் ஸ்டேட்டஸில், சிக்னல் வலிமை ஓர் எதிர்ம எண்ணாகத் தெரியும். மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 110-க்குக் கீழே இறங்கினால் திண்டாட்டம். அறையைச் சுற்றி நடந்து அந்த எண்ணைப் பாருங்கள். ஜன்னல் ஓரத்துக்கும் பீரோ அருகுக்கும் இருக்கும் வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும். ஃபோனை ஜன்னலில் வைத்துவிட்டு, லேப்டாப்போடு உள்ளே உட்காருங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெரிய வசதியே இதுதான். லேப்டாப்பிலேயே செருகி நிற்கும் டாங்கிளில் இது முடியாது.

பக்கத்து வீட்டில் ஒரு நிறுவனம் நன்றாக ஓடுகிறது என்பதற்காக உங்கள் வீட்டில் ஓட வேண்டும் என்றும் இல்லை. நண்பர்கள் வரும்போது வெவ்வேறு நிறுவன சிம் உள்ள ஃபோன்களை அதே ஜன்னலில் வைத்து இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள். காலை ஆறு மணிச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் தாக்குப்பிடிப்பதுதான் கணக்கு. வென்ற நிறுவனத்துக்கு, எண்ணை மாற்றாமலே, 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி மாறிக்கொள்ளலாம். இப்போதிருக்கும் நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருந்தால் போதும். இந்த வசதி கம்பி இணைப்பில் கிடையாது. வீடியோ நேர்காணலுக்கு 100 எம்பிபிஎஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சீராக ஓரிரு எம்பிபிஎஸ் வந்தாலே முகமும் குரலும் தெளிவாகப் போகும்.

சில்லறைக் காரணங்களும் உண்டு. ஃபோன் பேட்டரி போய்விடும் என்பார்கள். யுஎஸ்பி டெதரிங்கில் லேப்டாப்பே சார்ஜ் ஏற்றும். பாதுகாப்பில்லை என்பார்கள். கடவுச்சொல் போட்ட சொந்த ஹாட்ஸ்பாட், பேருந்து நிலைய இலவச வைஃபையைவிட எவ்வளவோ மேல். வெளியூரிலிருந்து வீட்டுச் சிசிடிவியை நேரடியாக அழைக்க முடியாது என்பது உண்மை. ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது மொபைல் வலைப்பின்னல். படிக்கிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறைவதில்லை.

கடைசியாகக் காசு. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோவில் தினம் 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய். ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், 4,537 ரூபாய். மாதம் 399 ரூபாய் ஃபைபர், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 471; ஆண்டுக்கு 5,652. வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஃபைபர் போட்டாலும் ஃபோனுக்கு ரீசார்ஜ் நிற்காது. வாடகை வீடு மாறினால் கம்பி கூடவே வராது. 28 நாளை மாதம் என்று விற்கும் தந்திரம் எரிச்சலூட்டுவதுதான். ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டதே அதனால்தான். அந்த எரிச்சலுக்காக இரண்டாவது பில் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்றை ஃபைபர் விற்பவர்கள் சொல்வதே இல்லை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கும் நாளில், காலை ஒன்பதிலிருந்து மாலை வரை வீட்டு ரவுட்டர் செத்துக் கிடக்கும். கோபுரத்துக்கு மின்கலமோ டீசல் ஜெனரேட்டரோ உண்டு. ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் சொந்த பேட்டரி உண்டு. அன்றைக்கு ஆன்லைன் தேர்வு இருக்கிறவர், வீட்டில் ஃபைபர் இருந்தாலும், சிம்மைத்தான் தேடுவார்.

வீட்டில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறீர்கள், அல்லது தினமும் பத்து ஜிபி கோப்புகளை ஏற்றி இறக்குவதுதான் உங்கள் பிழைப்பு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கல்ல. எந்த நிறுவனத்தின் சிம்மை வைத்தாலும், ஜன்னலிலும் மொட்டை மாடிப் படியிலும்கூட மைனஸ் 115 என்றே காட்டுகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னது சரி. கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் என்ன விலை என்றும் கேட்டுவையுங்கள்.