எவ்வளவு முடிஞ்சது?

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, புத்தகம் போட உங்களுக்கு எவ்வளவு முடிஞ்சது?"

என் கவிதைத் தொகுதி வந்து மூன்று வருடமாகப் போகிறது. இதுவரை அதைப்பற்றி என்னிடம் ஆகக்கூடக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஏன் எழுதினீங்கள், எந்தக் கவிதை பிடிக்கும், இப்ப என்ன எழுதுறீங்கள் என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணலாம். எவ்வளவு முடிஞ்சது என்று கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். எல்லோருமே எழுதுகிற பிள்ளைகள்.

அதனால் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 96 பக்கம், 300 பிரதி, 168,000 ரூபா. அது 2022 கடைசி. அந்த வருடம் மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டது நினைவிருக்கும். அச்சகத்தில் விலை கேட்டால் "இந்த விலை மூன்று நாளைக்குத்தான் பிள்ளை" என்று சொல்லித்தான் துண்டைத் தந்தார்கள். அம்மாவின் சீட்டுக்காசு தொண்ணூறாயிரம், மிச்சம் என் சம்பளத்தில் கொஞ்சம், சித்தப்பா அனுப்பினது கொஞ்சம். அம்மா அந்தச் சீட்டைக் குசினிக் கூரை மாற்றுவதற்கு என்று கட்டினவ. கூரை இன்னும் மாற்றவில்லை.

நான் போனில் யுனிக்கோட்டில் ரைப் பண்ணி வைத்திருந்ததை அச்சகத்தில் பாமினிக்கு மாற்றினார்கள். மேற்கோள்குறி இருந்த இடமெல்லாம் சம்பந்தமில்லாத எழுத்துகள் வந்து குந்திக்கொண்டன. புரூவ் பார்க்க இரண்டு நாள் தந்தார்கள். நானே எழுதி நானே புரூவ் பார்த்தால் என்ன தெரியும்? மனதில் இருப்பதைத்தானே கண் வாசிக்கும். 41ஆம் பக்கத்தில் "கரை" என்று வரவேண்டிய இடத்தில் "கறை" என்று நிற்கிறது. ஒரு விமர்சகர் அதையே பெரிய படிமமாக எடுத்து மேடையில் விளக்கினார். நான் வாய் திறக்கவில்லை.

வாழ்த்துரை இரண்டு, அணிந்துரை ஒன்று, பின்னட்டைக் குறிப்பு ஒன்று. நாலும் பெரிய ஆட்கள். நாலிலும் "இளம் கவிஞர்", "வளர்ந்துவரும் படைப்பாளி", "மென்மேலும் வளர வாழ்த்துகள்". அதில் ஒன்றில் என் கவிதை ஒரு வரிகூட இல்லை. எவருடைய புத்தகத்துக்கும் அதை அப்படியே ஒட்டலாம்.

பிறகு வெளியீட்டு விழா. எங்கட ஊரில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பத்தாயிரம் ரூபா என்வலப்போடு வாங்கினார். விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அந்த முதற்பிரதி அவர் இருந்த கதிரையிலேயே கிடந்தது. கோபத்தோடு இதைச் சொல்லவில்லை. அந்த மனிசன் வாசிக்கிற ஆள் இல்லை, உதவி செய்ய வந்தவர், உதவி செய்தார். அன்றைக்கு என்வலப்புகளில் வந்தது எல்லாமாக 94,000. போன புத்தகம் 121. வாங்கினவர்கள் சொந்தம், அயல், அம்மாவோடு வேலை செய்பவர்கள். கலியாண வீட்டு மொய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

நாற்பது பிரதி இலவசமாகப் போனது. இருபதை இரண்டு கடைகளில் "விற்றால் காசு" என்று வைத்தேன். மிச்சம் 119 என் கட்டிலுக்குக் கீழே. திருகோணமலைக்கோ அட்டனுக்கோ கல்முனைக்கோ என் புத்தகம் போனதென்றால் அது யாரோ ஒருவரின் பயணப் பையில் போனதாகத்தான் இருக்கும். ஒரு மாவட்டத்தில் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விற்க நாங்கள் எல்லோரும் நம்பக்கூடிய ஒரு ஏற்பாடு இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது காசைப்பற்றி அல்ல.

விழா முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் புரூவ் பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரைச் சந்தித்தேன். புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அவரே போன் எடுத்தார். "பிள்ளை, இதில மூண்டு கவிதை இருக்குது. மிச்சத்தை ஏன் போட்டனீர்?" என்றார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். எந்த இடத்தில் நான் கவிதையை முடித்த பிறகும் நாலு வரி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், எந்த உவமை யாரிடமிருந்து வந்தது, எங்கே நான் பொய் சொல்கிறேன் என்று பக்கம் பக்கமாக. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை பாதி. இதை ஒருவரும் முதலே சொல்லவில்லையே என்ற ஆத்திரம் மற்றப் பாதி.

பேஸ்புக்கில் போட்டேன், 200 லைக். வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன், எந்த வெட்டுக்கொத்தும் இல்லாமல் வந்தது. வந்ததுகூட யாரோ படம் பிடித்து அனுப்பித்தான் தெரியும். அணிந்துரை எழுதினவர் வாழ்த்தினார். அச்சகம் காசு வாங்கிக்கொண்டு அடித்தது. இத்தனை கை மாறிய ஒரு பிரதியை ஒரு கை கூடத் திருப்பித் தரவில்லை. "இது இன்னும் வரேல்ல, கொண்டுபோய்த் திரும்ப எழுது" என்று சொல்ல இந்த வரிசையில் ஒருவருமே இல்லை.

எங்களுக்குப் பிரசுரிக்க இடமில்லை என்பது பெரும்பாலும் பொய் என்று இப்போது நினைக்கிறேன். காசு இருந்தால் நாளைக்கே புத்தகம் வரும். "நூறு கவிஞர்கள் நூறு கவிதைகள்" என்று தொகுப்புப் போடுகிறார்கள். பக்கத்துக்குக் காசு, ஐந்து பிரதி கட்டாயம் வாங்கவேண்டும், சான்றிதழும் தருவார்கள். உண்மையில் இல்லாமல் போனது தொகுப்பாசிரியர், செம்மையாக்குநர், இதழாசிரியர் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, எங்கள் எழுத்தை மறுக்கிற அக்கறையுள்ள ஒரு மனிசன்.

முன்பு இருந்தார்கள். கைலாசபதி தினகரனில் ஆசிரியராக இருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் எத்தனை புது ஆட்கள் அதற்குள்ளால் வந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகையைத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். சலூனில் வேலை செய்த, சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் இதழ்களைக் கையில் கொண்டு திரிந்து விற்று நடத்திய சஞ்சிகை அது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வீரகேசரி தன் பங்குக்கு நாவல்களாக வெளியிட்டுத் தள்ளியது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அப்படி வந்ததுதான். அது அவருடைய முதல் நாவல். தண்ணிமுறிப்புக் காட்டுப்பக்கத்துச் சனத்தைப்பற்றி எழுதிய ஒருவரின் முதல் நாவல் கொழும்பில் அச்சாகி, சாகித்திய மண்டலப் பரிசும் வாங்கியது. தன் காசில் 300 பிரதி அடித்து ஊர் மண்டபத்தில் விழா வைத்திருந்தால் அது எந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கும்?

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. முற்போக்கு, நற்போக்கு என்று முகாம் பிரிந்து அடிபட்டதும் அதே காலம்தான். யாருடைய ஆள் என்று பார்த்துக் கதவு திறந்ததும் நடந்திருக்கும். பெண்களுக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்பது தனியாக எழுதவேண்டிய கதை. ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது. இப்போது சுவரே இல்லாத வெளியில் நிற்கிறோம், எந்தப் பக்கத்தாலும் போகலாம், எங்கே வந்து சேர்ந்தோம் என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கும் ஞானம், ஜீவநதி என்று சஞ்சிகைகள் எங்களுக்குப் பழக்கம்தான். இப்படியான இதழ்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவர் இருவரின் உழைப்பும் சொந்தக் காசும்தான். வருகிற ஒவ்வொரு கதைக்கும் விளக்கமாகப் பதில் எழுது என்று அவர்களிடம் கேட்பது அநியாயம் என்று தெரியும். ஆனால் ஒற்றை வரியாவது கேட்கலாம். "எடுக்கவில்லை, இரண்டாம் பாதி நீளம்." அந்த ஏழெட்டு மாத மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல். மௌனத்தில் ஆட்கள் இரண்டு விதமாகப் பிழைக்கிறார்கள். சிலர் எழுதுவதையே விடுகிறார்கள். மற்றவர்கள் சீட்டுக்காசோடு அச்சகத்துக்குப் போகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு அனுப்பலாமே என்பார்கள். அனுப்பினேன். ஒரு இடத்தில் கதையை விரும்பினார்கள், ஆனால் "கதைத்தான்" என்று வந்த இடமெல்லாம் "பேசினான்" என்று மாற்றிக் கேட்டார்கள், வாசகருக்குக் குழப்பம் வருமாம். என் கதையில் ஒரு அப்பாவும் மகனும் ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கதைக்கிறார்கள். அவர்கள் பேசவில்லை, கதைக்கிறார்கள். திருப்பி வாங்கிவிட்டேன். இதுவும் ஒருவிதத் திருத்தம்தான், ஆனால் நான் சொல்லுகிற திருத்தம் இது இல்லை.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது எங்களோடு வயதில் மூத்த அண்ணா ஒருவர் எழும்பிக் கேட்டது இன்னும் குத்துகிறது. "நீங்கள் திருத்தித் திருத்தி வைச்சிருங்கோ. எங்கட மாமா பதினொரு கொப்பி எழுதி வைச்சிருந்தவர். 95இல சாவகச்சேரிக்குக் கொண்டு போனவர், வன்னிக்குக் கொண்டு போனவர். 2009இல எங்க போனதெண்டு தெரியாது. ஒரு நூறு பிரதி அடிச்சிருந்தா ஒண்டாவது எங்கயாவது இருந்திருக்கும்."

இதற்கு என்னிடம் சுகமான பதில் கிடையாது. 1981இல் நூலகம் எரிந்த ஊரில், எழுதினதை உடனே அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றத்தைப் பேராசை என்று சொல்ல ஏலாது. என் அம்மா கூரைக்காசை எடுத்துத் தந்ததிலும் அந்தப் பதற்றம் இருந்திருக்க வேணும். அவவும் கொப்பிகள் தொலைத்தவதான்.

ஆனால் காப்பாற்றுவது வேறு, வெளியிடுவது வேறு. அண்ணாவின் மாமாவுக்கு அந்த இரண்டையும் பிரிக்க வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. 2005இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. எங்கள் கொப்பியைப் படம் பிடித்து மூன்று இடத்தில் சேமித்து வைக்க ஒரு பின்னேரம் போதும். தொலைந்து போகும் என்ற பயம் அப்படித் தணிந்தால், கவிதை நல்லதா என்று பார்க்கக் கொஞ்சம் பொறுமை வரும். முதலில் காப்பாற்றுவோம். பிறகு ஆறுதலாக வெளியிடுவோம்.

இப்போது நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். பெயர் வைக்கவில்லை, பதாகை இல்லை, பொன்னாடை இல்லை. ஒருவர் தன் எழுத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் எழுதினவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் கதைத்து முடியுமட்டும். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை தேத்தண்ணி அவர்தான் போடவேண்டும். முதல் மூன்று மாதம் பயங்கரமாக இருந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு வராமல் விட்டார். அவரிடம் நான் சொன்ன விதம் பிழை, அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுப்பதற்கும் பழக்கம் வேண்டும், எங்களில் ஒருவருக்கும் அது இல்லை. ஏனென்றால் எங்களையும் ஒருவரும் அப்படிப் பொறுப்பாக மறுத்ததில்லை.

என் 119 பிரதிகளில் ஒன்றை எடுத்து அந்த ஐயா சொன்ன மூன்று கவிதைகளைத் தவிர மற்றதெல்லாவற்றையும் பென்சிலால் குறுக்கே வெட்டினேன். இரண்டில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 33ஆம் பக்கக் கவிதை நல்ல கவிதைதான், அவருக்கு விளங்கவில்லை. மற்ற ஒன்று என் பிடிவாதம்.

எவ்வளவு முடிஞ்சது என்று கேட்ட தம்பிக்கு மேலே சொன்ன கணக்கு முழுவதையும் அனுப்பினேன், கூரை உட்பட. பிறகு, புத்தகத்தை விடு, ஒரு கதையைக் கொண்டு வா என்றேன். வந்தான். பதினாலு பக்கக் கதை. கடற்கரையில் வலை பொறுக்குகிற ஒரு பெடியனைப்பற்றி. ஏழாம் பக்கத்தில்தான் கதை தொடங்குகிறது என்று நாலு பேரும் சொன்னோம். முகம் கறுத்துப்போய் பஸ் ஏறினான், இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் எட்டுப் பக்கத்தோடு வந்து நின்றான். போன ஞாயிறு மூன்றாவது தடவை வாசித்தான். கடைசிப் பந்தியில் ஒரு சொல்லுக்காக அரை மணித்தியாலம் சண்டை, அவன் விட்டுத்தரவில்லை. அவன் சொன்னதுதான் சரி.

நாளைக்கு ஒரு சஞ்சிகைக்குத் தபாலில் போடுகிறான். மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் போன் எடுத்து, ஏன் எடுக்கவில்லை என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.