ஓராண்டு மிச்சம், யாருக்கு?

விழிஞ்ஞத்தில் தென்மேற்குப் பருவமழைதான் அறுவடைக் காலம். மற்ற கரைகளில் அலை ஓங்கி வள்ளம் இறக்க முடியாமல் போகும்போது, திருவனந்தபுரம் மாவட்டத்தின் பல மீனவ ஊர்களிலிருந்து வள்ளங்கள் இந்தக் குடாவுக்குள் வந்து சேர்ந்து, இங்கிருந்து கடலுக்குப் போகின்றன. கல்லூரிகள் திறப்பதும் அதே மாதங்களில்தான். கையில் காசு புழங்கும்போதே பிள்ளையின் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். பிறகு கடல் என்ன தரும் என்பதற்கு ஜாமீன் கிடையாது. பட்டப் படிப்பைச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறது என்று பல்கலைக்கழகம் அறிவித்தால், இந்த ஊரில் அது ஒரு மழைக்கால வருமானத்தைப் பற்றிய அறிவிப்பாகவே காதில் விழும்.

அறிவிப்பு வந்தும் விட்டது. 2024 ஜூலை 1 அன்று கேரளத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. மூன்றாண்டு படித்து 133 கிரெடிட்டுடன் வெளியேறினால் வழக்கமான பட்டம். நான்காம் ஆண்டும் தங்கி 177 கிரெடிட் சேர்த்தால் ஹானர்ஸ். ஹானர்ஸ்காரர்கள் எம்.ஏ.வையோ எம்.எஸ்ஸி.யையோ ஓராண்டில் முடிக்கலாம். இதோடு 'என் மைனஸ் ஒன்' என்று ஓர் ஏற்பாடு: கூடுதல் பாடங்களை முன்கூட்டியே எடுத்துத் தேறுகிற மாணவர் மூன்றாண்டுப் பட்டத்தை இரண்டரை ஆண்டில் வாங்கிவிடலாம் என்றார் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து. புதிய தேசியக் கல்விக் கொள்கையை மேடைதோறும் எதிர்த்த இடதுசாரி அரசு, அந்தக் கொள்கையின் மையத்தில் இருந்த நான்காண்டுப் பட்டத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டது தனிக் கதை.

சில மாதம் கழித்துப் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுவதற்கும் இதே ரீதியில் ஒரு நடைமுறை வகுத்தது. முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் ஒரு கமிட்டி மாணவரின் தேர்ச்சியைப் பார்த்துத் துரிதப் படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டரும் நான்காண்டுப் படிப்பில் அதிகபட்சம் இரண்டு செமஸ்டரும் குறையும். மொத்த இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. மெதுவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் காலத்தை நீட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பழைய முறையில் மூன்றும் இரண்டும் ஐந்து. புதிய முறையில் நான்கும் ஒன்றும் ஐந்து. முதுகலைப் பட்டத்தோடு நிற்கிறவருக்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. லாபம் இரண்டே பேருக்கு. ஒருவர், துரிதப் பாதைக்குத் தேர்வாகும் அந்தப் 10 சதவீதத்துக்காரர். மற்றவர், நான்காண்டுப் பட்டத்தோடு நேராக முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு 75 சதவீத மதிப்பெண் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சற்றுச் சலுகை உண்டு. இதைத் தவிர்த்து மற்றவர்களுக்கு நடந்திருப்பது இடமாற்றம்தான். பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த முதுகலை முதலாண்டு, கல்லூரியின் நான்காம் ஆண்டாகப் பெயர் மாறி வந்திருக்கிறது.

இடமாற்றம் சின்ன விஷயமில்லை. விழிஞ்ஞத்துப் பெண் ஒருத்தி நகரத்துக் கல்லூரிக்குக் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்ப முடியும். பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகமோ நகரத்தின் மறுகோடியில், வடக்கே இருக்கிறது. தினமும் போய் வருவது பாடு. விடுதி என்றால் செலவு. ஆக நான்காம் ஆண்டு கல்லூரியிலேயே நடந்தால் இவளுக்கு நல்லது. ஆனால் அந்த நான்காம் ஆண்டுக்கு முதுகலைத் தரத்தில் பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வேட்டுக்கு வழிகாட்ட ஆள் உண்டா, சோதனைக்கூடம் தாங்குமா? முதுகலைத் துறை ஏற்கெனவே உள்ள பெரிய கல்லூரிகள் சமாளிக்கும். இரண்டு நிரந்தர ஆசிரியரும் சில கெளரவ விரிவுரையாளர்களுமாக ஓடுகிற துறைகளின் கதி வேறு. 2024இல் சேர்ந்த முதல் அணிக்கு மூன்றாண்டு நிறைவது 2027இல். இருப்பதா கிளம்புவதா என்ற முடிவும் அப்போதுதான்.

படிப்பைச் சுருக்குவது இந்தியாவுக்குப் புதிது என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் இருந்த காலத்தில் பி.ஏ. பாஸ் இரண்டு ஆண்டு, ஹானர்ஸ் மூன்று ஆண்டு. பாஸ் வகுப்புக்காரர் எம்.ஏ. வாங்க மறுபடி படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஹானர்ஸ்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. மேற்கொண்டு தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் பெற்றுக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் கேம்பிரிட்ஜிலிருந்தும் வந்த பழக்கம். அங்கே இன்றுவரை பி.ஏ. முடித்தவர் சில ஆண்டு காத்திருந்தால் எம்.ஏ. தானாக வருகிறது. தாத்தா தலைமுறையின் பெயர்ப் பலகைகளில் 'எம்.ஏ. (ஹானர்ஸ்)' என்று மின்னியதன் ரகசியம் இதுதான். அந்த ஹானர்ஸ் வகுப்புகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே இருந்தார்கள் என்பதையும், அவர்கள் எந்தெந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துரித வழி வேறு மாதிரி. இளநிலை மாணவர் கடைசி ஆண்டிலேயே சில முதுநிலைப் பாடங்களை எடுத்துக்கொள்கிறார். அதே பாடம் இரண்டு பட்டத்திலும் கணக்கில் சேரும். எத்தனை பாடம் வரை அப்படி இரட்டைக் கணக்குக் காட்டலாம் என்று பல்கலைக்கழகமே வரம்பு கட்டும். நிஜமாகவே ஓராண்டு குறைகிற முறை இது. நம் திட்டத்தில் இந்த இரட்டைக் கணக்குக்கு இடமில்லை. துரிதப் பாதைக்காரரும் எல்லாக் கிரெடிட்டையும் சேர்த்தே ஆக வேண்டும். செமஸ்டருக்குச் செமஸ்டர் சுமை கூடும், அவ்வளவே.

திருவனந்தபுரத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 2008இல் தொடங்கி இப்போது விதுரா மலையடிவாரத்தில் இயங்கும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம், பள்ளி முடித்த மாணவரை ஐந்தாண்டு வைத்திருந்து பி.எஸ்., எம்.எஸ். என்று இரண்டு பட்டத்தோடு அனுப்புகிறது. ஐந்து ஐந்துதான், ஆனால் நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை, இடம் கிடைக்குமா என்ற தவிப்பு இல்லை, கடைசி ஆண்டு ஆராய்ச்சிக்கே ஒதுக்கப்படுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குச் சில மாதங்கள் குறைவதைவிட இந்தத் தொடர்ச்சிதான் அதிகம் உதவும். பட்டம் முடித்த கோடையில், அடுத்த அட்மிஷன் நிச்சயமில்லாத அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பலர் படிப்பை விட்டுப் பிரிகிறார்கள். குறிப்பாக விழிஞ்ஞத்தில் இப்போது ஆசை காட்ட ஒரு துறைமுகம் வேறு வந்திருக்கிறது. 2025 மே 2 அன்று பிரதமர் அர்ப்பணித்த சர்வதேசத் துறைமுகத்தில் உள்ளூர்ப் பெண்கள் சிலர் தானியங்கிக் கிரேன்களை இயக்குகிறார்கள். வேலை வந்த வீட்டில் எம்.எஸ்ஸி.யைப் பற்றிப் பேசுவது யார்?

துரிதப் பாதையில் நிஜமான சிக்கல் தேர்வு முறையில் இருக்கிறது. முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்து ஆளைப் பொறுக்குகிறார்கள். மலையாள மீடியத்தில் படித்து வந்த பெண்ணுக்கு ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு சமரசம் செய்துகொள்ளவே அந்த இரண்டு செமஸ்டரும் போய்விடும். அவளுடைய வேகம் மூன்றாம் செமஸ்டரில்தான் தெரியவரும். அதற்குள் கமிட்டி கூடிக் கலைந்திருக்கும். 40 பேர் வகுப்பில் 10 சதவீதம் என்றால் நான்கு இடம். நல்ல பள்ளியும் தனி டியூஷனும் வாய்த்தவர்கள் அந்த நான்கில் முந்தி நிற்பார்கள். யாருக்கு நேரம் பணமோ அவருக்கு நேரம் மிச்சமாகாது. காலத்தை நீட்டிக்கொள்ளும் வசதி இவளுக்காகவே என்று வாதிடலாம். நீட்டினால் கட்டணமும் நீளும்.

பழைய காலத்தில் இந்தக் கரையில் சேர்க்கை விதிகள் இன்னும் கறாராக இருந்தன. விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் தலைநகரமாகச் சொல்லப்படுகிற ஊர். அந்த வம்சத்துக் கருநந்தடக்கன் 866இல் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை, அதாவது கல்விச்சாலையை, நிறுவினான். ராஜராஜன் மெய்க்கீர்த்தியால் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலைதான் அதற்கு மாதிரி. செப்பேடு 95 மாணவர்களுக்கு இடம் வகுத்து, எந்தெந்த வேத சாகையிலிருந்து வர வேண்டும், வருமுன் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. சண்டை போட்டால் தண்டம் உண்டு. கடலோடிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

குமரி மாவட்டம் 1956 வரை இதே திருவிதாங்கூரோடு இருந்தது. களியக்காவிளையைத் தாண்டிப் படிக்க வருவதும் போவதும் இன்றும் சகஜம். இங்கேதான் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய முடிச்சு. தமிழ்நாடு நான்காண்டுத் திட்டத்தை ஏற்கவில்லை. மூன்றும் இரண்டுமாகவே நடத்துகிறது. கேரளத்தில் நான்காண்டு ஹானர்ஸ் முடித்து நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ எம்.ஏ. சேர்ந்தால் மொத்தம் ஆறு ஆண்டு. சுருக்க வந்தது நீண்டுவிடும். இங்கே மூன்றாண்டு பி.எஸ்ஸி. முடித்துக் காரியவட்டம் போகிறவர் அங்கே இரண்டாண்டு முதுகலைதான் படிக்க வேண்டும். எல்லைக்கு இரு பக்கமும் அப்ளிகேஷன் போடுகிற வீடுகளில் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

துரிதப் பாதையைக் கல்லூரி விளம்பரப்படுத்தினால் அலுவலகத்தில் கேட்க இரண்டு விஷயம் உண்டு. மேல் செமஸ்டர் பாடங்கள் ஒவ்வொரு பருவத்திலும் நடத்தப்படுகின்றனவா, ஆண்டுக்கு ஒரு முறைதானா? ஒரு முறைதான் என்றால் முன்கூட்டி எடுக்கப் பாடமே இருக்காது. அடுத்தது, இரண்டரை ஆண்டில், அதாவது டிசம்பர் வாக்கில் பட்டம் முடிக்கிறவருக்கு அடுத்த முதுகலை வகுப்பு எப்போது திறக்கிறது? மறு ஜூனில் என்று பதில் வந்தால், மிச்சம் பிடித்த ஆறு மாதத்தை வீட்டில் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும்.